மிதி, பிடி, விடு

காலை ஒன்பது மணிக்கு அந்தப் பழைய பிக்கப் வண்டி பட்டறை வாசலில் திரும்பியபோதே மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது, அது நிற்கப் போவதில்லை என்று. ஓட்டுகிறவனின் தோள் ஏறி ஏறி இறங்கியது. அவன் பெடலைக் குத்துகிறான், பெடல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேஸ்திரி கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். வண்டி தண்ணீர் டிரம்மை நசுக்கியது, அடுக்கி வைத்திருந்த டயர்களைச் சிதறடித்தது, பின்சுவரில் பம்பரை மடக்கிக்கொண்டு நின்றது. பின்னால் ஏற்றியிருந்த பழைய இரும்பெல்லாம் முன்னால் பாய்ந்து கேபினின் பின்கண்ணாடியைத் தூள் தூளாக்கியது.

ஓட்டி வந்தவன் மேஸ்திரியின் தங்கை புருஷன். பழைய இரும்பு வாங்கி விற்கிறவன், ஊரில் எல்லோருக்கும் இரும்புக்காரன். பக்கத்து சீட்டில் தங்கை. அவள் நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இரும்புக்காரன் இறங்கியதும் தன் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, முடியைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான்.

"காலங்காத்தால உன் மூஞ்சியில முழிச்சேன் பாரு, அதான் இப்படி," என்றான். பிறகு இடுப்பில் ஒரு உதை.

அண்ணன்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். இதைக் கேட்டு யாருக்காவது ரத்தம் கொதித்தால் கொதிக்கட்டும், நியாயம்தான். ஆனால் அந்த மனிதரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மேஸ்திரி பிரேக் வேலை மட்டும்தான் செய்வார். இன்ஜினைத் தொட மாட்டார், கியர் பாக்ஸ் பக்கம் போக மாட்டார். இருபத்தாறு வருஷமாக அந்தத் தகரக் கொட்டகையில் பிரேக், பிரேக், பிரேக். ஊர் வண்டிகளுக்கெல்லாம் பிரேக் போடுகிறவர், அவர் கைக்கு யார் போடுவது என்று பக்கத்துக் கொட்டகையில் தகரம் தட்டுகிற டிங்கர் கேலி செய்வார், அதுவும் அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுதான். மூக்குக்கு மேல் கோபம். வேலையில் குறை சொன்ன ஒரு டிரைவருக்கு இரண்டு பல் போயிற்று. பில் புத்தகத்தால் ஒருவன் மூக்கை உடைத்தார். உதவிக்கு வந்தவர்கள் யாரும் ஒரு மாசத்துக்கு மேல் தாங்கவில்லை. இவ்வளவுக்கும் வண்டிகள் அவரிடமே வந்தன. காரணம் அவருடைய சோதனை. வேலை முடிந்ததும் பின்சுவருக்கு மூன்றடி முன்னால் போய் நின்றுகொள்வார். வண்டிக்காரன் வாசலிலிருந்து வேகமாக ஓட்டி வந்து, தரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் பிரேக் அடிக்க வேண்டும். வண்டி நிற்காவிட்டால் செத்துப்போவது அவர்தான். ஒரு தடவைகூட அவர் நகர்ந்ததில்லை, ஒரு வண்டியும் கோட்டைத் தாண்டியதில்லை. தப்பு என்ற சொல்லைத் தன் வேலையோடு சேர்த்து அவர் உச்சரித்ததும் இல்லை.

ஓடிப்போக வழியில்லாத உதவியாள் ஒருத்திதான், தங்கை. அப்பா அம்மா போனபிறகு அவள் அண்ணன் பட்டறையிலேயே வளர்ந்தாள். பதினாறு வயதில் ஒருநாள் ஒரு லாரியின் பிரேக் டப்பாவில் பிரேக் ஆயிலுக்குப் பதிலாக இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டாள். இரண்டும் ஒரே அளவு டின், ஒரே அலமாரி. பிரேக்குக்குள் இருக்கும் ரப்பருக்கு இன்ஜின் ஆயில் விஷம். ரப்பர் ஊதிப்போகும், முதலில் சக்கரத்தை விடாமல் இறுக்கிப் பிடிக்கும், பிறகு ஒருநாள் சுத்தமாகக் கைவிடும். அந்த லாரி மூன்றாம் வாரம் விளக்குக் கம்பத்தில் ஏறியது. டிரைவருக்கு இரண்டு விரல் போயிற்று. மேஸ்திரி தங்கையை அலமாரி முன்னால் நிறுத்தி, இது எது, அது எது என்று கேட்டுக் கேட்டு அடித்தார். செவிட்டில் ஒன்று விட்டால் தெரியும் என்று எல்லோரும்தான் பேச்சுக்குச் சொல்கிறார்கள். இவர் விட்டார். அவளுக்கு இடது காது அன்றோடு போயிற்று. எங்கிருந்து சத்தம் வருகிறது என்பது அதன் பிறகு அவளுக்குப் பிடிபடுவதே இல்லை. முன்னால் ஹாரன் அடித்தால் பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

கல்யாணத்துக்கு அவர் தேடிப் பிடித்தது தன்னைப் போலவே ஒருவனை. கை பலமுள்ளவன், எவனும் என் தங்கையை ஒரு சொல் சொல்ல முடியாது என்று மார்தட்டிக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் அவனே பார்த்துக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அவளுக்கு இரண்டு தடவை கை முறிந்தது, ஒரு தடவை விலா. வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்னாள். பார்த்து நடக்கக் கூடாதா என்று அண்ணன் கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரியும்.

"என்ன மாப்ள ஆச்சு?" என்று மேஸ்திரி வண்டியைப் பார்த்துக் கேட்டார், தங்கையைப் பார்க்காமல்.

"ஒரு வாரமா இழுத்துப் பிடிச்சுது மச்சான். பெடல் கல்லு மாதிரி. சக்கரம் கொதிக்குது, தீயிற வாடை. இன்னிக்கு இறக்கத்துல மிதிக்கிறேன், அடி வரைக்கும் போயிடுச்சு. செத்திருப்போம்."

மேஸ்திரி ஜாக்கி போட்டுச் சக்கரங்களைத் தூக்கினார். நாலில் எதையும் கையால் சுற்றினால் சுற்றவில்லை. டிரம்மில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும் போலிருந்தது. குழாய்களைத் தடவிப் பார்த்தார், எங்கும் ஈரமில்லை, ஒழுகலில்லை. பெடலை மிதித்துப் பிடித்தார். கொஞ்சம் நின்றது, பிறகு மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. வெளியே ஒழுகாமல் பெடல் இறங்கினால் கோளாறு ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள். இது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் நாலு சக்கரமும் ஒரே சமயத்தில் இறுகுவானேன்?

பானட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினார். மூடிக்குள் இருந்த ரப்பர் உளுந்து ஊறின மாதிரி உப்பி, இரண்டு மடங்காகிக் கிடந்தது. மேஸ்திரியின் கை அப்படியே நின்றது.

தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துப் பாதியைக் கீழே கொட்டினார். டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் உறிஞ்சி அதில் விட்டுக் குலுக்கினார். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இது கலக்கவில்லை. மஞ்சளாக மேலே வந்து மிதந்தது.

அந்த பானட்டைத் திறக்கிற கைகள் இந்த உலகத்தில் இரண்டு பேருடையவைதான். ஒன்று மாசத்துக்கு ஒருமுறை திறக்கும் மேஸ்திரி. இன்னொன்று தினமும் காலையில் தண்ணீரும் ஆயிலும் பார்க்கும் தங்கை. இரும்புக்காரன் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் தொடாத மகாராஜா. மேஸ்திரி அதை ஊற்றவில்லை. அப்படியென்றால் அவள். தெரியாமல் ஊற்றினாளா? உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தத் தப்பைத் தெரியாமல் செய்யலாம், அவள் ஒருத்தியால் மட்டும் முடியாது. அதற்காகத்தானே அவர் அவள் காதையே எடுத்தார்.

அவள் சுவரோரம் டயர் மேல் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை நெற்றியில் அழுத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. கண்டுபிடித்துவிட்டாயா, சரி, என்கிற பார்வை.

உண்மை தெரிந்தால் இரும்புக்காரன் இந்தப் பட்டறையிலேயே அவளைக் கொன்றுவிடுவான். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. சுற்றிலும் ஸ்பானரும் சுத்தியலும் ஜாக்கி ராடுமாகக் கிடக்கிற இடத்தில் அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். மேஸ்திரி பாட்டிலைக் கவிழ்க்கப் போனார். அதற்குள் இரும்புக்காரன் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"என்னது மச்சான் இது?"

"அழுக்கு."

இரும்புக்காரன் பாட்டிலைச் சாய்த்து மேலே மிதந்ததை விரலில் வாங்கி, முகர்ந்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிறவன் அவன். அவனுக்கு மூக்கு உண்டு.

"இன்ஜின் ஆயிலு. பிரேக் டப்பாக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

இரும்புக்காரன் மெதுவாகத் தலையைத் திருப்பி டயர் மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். குனிந்து தரையில் கிடந்த ஜாக்கி ராடை எடுத்தான்.

"தினம் காலையில நீதானடி திறக்கிற?"

"நான்தான் ஊத்தினேன்," என்றார் மேஸ்திரி.

டிங்கரின் சுத்தியல் நின்றது. பக்கத்து டீக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன தடவை வேலைக்கு விட்டியே, அன்னிக்கு. டின்னு மாறிப் போச்சு. என் தப்பு."

இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

"உன் தப்பா?" இரும்புக்காரன் சிரித்தான். "என்னைக் கொல்லப் பாத்துட்டு, தப்புங்கிறியா?"

முதல் அடி ராடால் தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. இரண்டாவது அடி விலாவில். மேஸ்திரி முன்னால் மடங்கி, வண்டியின் வளைந்த பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். இப்போது திரும்புவார், இப்போது அவன் தாடை பெயரும் என்று டிரைவர்கள் பின்னால் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் திரும்பவில்லை. கை எழுந்தால் சண்டை, சண்டை முற்றினால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் எந்த தேதி, எந்த டின் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் அவள். கையை விடாதே, விடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பம்பரைப் பிடித்திருந்தார். இரும்புக்காரன் ராடை எறிந்துவிட்டு அவர் முகத்தைத் தூக்கி, இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில் ஓங்கி அறைந்தான். மேஸ்திரியின் தலைக்குள் ஒரு விசில் கிளம்பி நிற்காமல் ஊதியது. பதினாறு வயசுப் பெண்ணுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நாலு மணிக்கு வருவேன். வண்டி ரெடியா இருக்கணும்," என்று இரும்புக்காரன் வாயைத் துடைத்துக்கொண்டான். தங்கையைப் பார்த்து விரலை ஆட்டினான். "நீ இங்கேயே கிட."

அவன் போனதும் டிங்கர் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். மேஸ்திரி தலையாட்டி மறுத்துவிட்டு, ஒரு கையால் ஸ்பானரை எடுத்தார். இடது கை தூக்க வரவில்லை.

தங்கை எழுந்து வந்து மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றத் தொடங்கினாள். பதினோரு வருஷம் ஆகியும் எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்று அவள் கை மறக்கவில்லை. உள்ளேயிருந்த ரப்பர்கள் எல்லாம் பிதுங்கிப்போயிருந்தன. நாலு சக்கரத்திலும் அதே கதை. எல்லா ரப்பரும் புதிது, எல்லா ஹோஸும் புதிது, குழாய்கள் முழுக்க ஸ்பிரிட் விட்டுக் கழுவல். இரண்டு பேருமாக மதியம் வரை செய்தார்கள்.

கடைசியில் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு உள்ளே ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், வெளியே ஒருவர் சக்கரத்தில் திருகைத் திறந்து மூட வேண்டும். அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். அவர் இடது பின்சக்கரத்துக்குக் கீழே படுத்தார்.

"மிதி," என்றார். "பிடி."

பதில் இல்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு ஸ்பானர் கேபினை நோக்கிப் பறந்திருக்கும். இப்போது மேஸ்திரி முனகிக்கொண்டே எழுந்து, வண்டியைச் சுற்றி, அவளுடைய வலது பக்க ஜன்னலுக்கு வந்தார்.

"மூணு தடவை மிதிச்சுட்டுப் பிடிச்சுக்க. நான் வண்டியத் தட்டுறேன். ஒரு தட்டு பிடி, ரெண்டு தட்டு விடு."

அவள் தலையசைத்தாள். அவர் நகரவில்லை.

"நீயும்தானே உள்ள உக்காந்திருந்த," என்றார்.

"நான் இல்லாம அவரு வண்டியே எடுக்க மாட்டாரு. வீட்ல தனியா விட்டா ஓடிருவேனாம்."

"செத்திருப்ப."

"ஆமா."

அந்த ஆமாவில் ஒரு குறையும் இல்லை, கணக்குப் போட்டு முடித்தவளின் ஆமா. மேஸ்திரி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது. அவருக்கு அழத் தெரியாது, அது இருமல் மாதிரி வெளியே வந்தது.

"அன்னிக்கு உன்னை அடிச்சேன்ல," என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு நீ வாங்கினதப் பாத்தேன்," என்றாள் அவள், கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டு. "நல்லா இருந்துச்சுண்ணே. பொய் சொல்லக் கூடாது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சக்கரத்தடியில் படுத்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. குமிழ் குமிழாகக் காற்று வந்தது, பிறகு சுத்தமான எண்ணெய் வந்தது.

நாலு மணிக்கு இரும்புக்காரன் வந்தான். கொஞ்சம் குடித்திருந்தான், ஆனால் நிதானமாக இருந்தான். மேஸ்திரி வழக்கம்போலப் பின்சுவருக்கு மூன்றடி முன்னால் போய் நின்றார். ஒரு தோள் சரிந்திருந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டி வாசலிலிருந்து சீறி வந்து, வெள்ளைக் கோட்டில் தரையோடு ஆணி அடித்த மாதிரி நின்றது. சிமெண்ட் தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள் பளிச்சென்று விழுந்தன.

"பிடிக்குது," என்றான் இரும்புக்காரன். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏறுடி," என்றான்.

தங்கை அலமாரிப் பக்கம் நின்றவள் அசையவில்லை.

"அவ வர மாட்டா," என்றார் மேஸ்திரி.

"என்ன?"

"வர மாட்டா மாப்ள. வண்டி உன்னுது, எடுத்துட்டுப் போ. அவ இங்கதான் இருப்பா."

இரும்புக்காரன் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வேடிக்கை பார்க்கிற தெருவைப் பார்த்தான். அடித்து அடக்கிய மனிதன் எல்லோர் முன்னாலும் தன்னிடம் முடியாது என்கிறான். அவன் முகம் கறுத்தது. வண்டியைப் பின்னால் எடுத்து வாசல் வரை போனான். போய்விட்டான் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். டிங்கர் சுத்தியலை எடுத்துவிட்டார். தங்கை நடுவில் கிடந்த ஜாக்கியை எடுக்கப் பட்டறையின் குறுக்கே நடந்தாள்.

மேஸ்திரி மட்டும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கியர் விழுகிற சத்தம் கேட்டது.

இன்ஜின் அலறியது. தங்கைக்கும் அது கேட்டது. ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து எதிர்ப்பக்கம், டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வண்டி அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவர் கத்தினார். கத்திப் பிரயோஜனமில்லை என்று அவருக்கே தெரியும், அந்தக் காதை அடைத்தது அவர்தான். ஓடிப்போய் நல்ல கையால் அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் டயர்கள் மேல் போய் விழுந்தாள். பம்பர் மேஸ்திரியின் காலை வாங்கி, அவரைப் பின்சுவர்வரை தள்ளிக்கொண்டு போய், சுவரோடு வைத்து நசுக்கியது.

டிரைவர்கள் இரண்டு பேரும் இரும்புக்காரனை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். டிங்கரின் சுத்தியல் அவன் கை விரல்களில் இறங்கியது. அதையெல்லாம் மேஸ்திரி பார்க்கவில்லை. தங்கை தன் புடவைத் தலைப்பைக் கிழித்து அவர் தொடையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிரேக் பிடிக்கவில்லை என்றான் இரும்புக்காரன் போலீசிடம். காலையில் என் மச்சானே எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டான், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றான். கேட்டார்கள். தெரு முழுக்க ஆமாம் என்றது. வண்டி சோதிக்கிற அதிகாரி ஒருவர் வந்து பெடலை மிதித்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், ஒரு தடவைக்கு மூன்று தடவை. பிறகு இறங்கிக் குனிந்து தரையைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டில் முடிகிற இரண்டு கறுப்புத் தடங்கள் இருந்தன. அதற்கப்பால் சுவர்வரைக்கும் தரை சுத்தமாக இருந்தது. இவ்வளவு நல்ல பிரேக்கைத் தான் பார்த்து வெகு நாளாயிற்று என்றும், அதில் கால் வைக்கப்படவே இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் மேஸ்திரியிடம் கேட்டார்.

"இன்ஜின் ஆயில் ஊத்தினது நீங்கதானா?"

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் படுத்திருந்தார் மேஸ்திரி. பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் சார். டின்னு மாறிப் போச்சு. அப்புறம் நான்தான் சரி பண்ணேன்."

இரும்புக்காரனுக்கு ஏழு வருஷம் கிடைத்தது. இப்போது பட்டறையில் வேலை செய்வது தங்கை. கோட்டுக்கு முன்னால் நிற்கிற வழக்கத்தை அவள் வைத்துக்கொள்ளவில்லை, அதெல்லாம் ஆம்பளைங்க கிறுக்கு என்று சொல்லிவிட்டாள். வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்துத் தருகிறாள். மேஸ்திரி ஊன்றுகோலோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார். இடது காதில் அந்த விசில் இன்னும் ஓயவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மட்டும், இருந்த இடத்திலிருந்து கத்தாமல், கோலை ஊன்றி எழுந்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அவளுடைய வலது பக்கத்தில் நின்று சொல்கிறார்.